மாலோவின் முதற்பூசை

சேசு மரி சூசை

போர்சாவெல்
1988 ஜூலை 3, ஞாயிறு

என் அன்புத் தம்பி எர்வேக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மற்றபடி அறுபத்தோரு வயதுக்கு என்னைக் குறை சொல்ல முடியாது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? ரயில் ஓட்டுகிறவன் உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, குறைத்தாயா?

வியாழக்கிழமை முழுவதும் நம் கூட்டத்தின் தலைவர் காப்டன் பெல்லெக் வீட்டு வானொலியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம். நம் பேராயர் நான்கு சாமியார்களை ஆயர்களாக்கி மேற்றிராணி அபிஷேகம் செய்தேவிட்டார்! பாப்பரசர் வேண்டாம் என்றார், இவர் செய்தார். பழைய லத்தீன் பூசையைக் காப்பாற்ற ஆள் வேண்டாமா? சபையிலிருந்து நீக்கிவிட்டோம் என்கிறார்கள். பதினாறு வருஷமாகப் பழைய மீன் டப்பாக் கிடங்கில் பூசை கேட்கிற நம்மை இதற்கு மேல் எங்கே நீக்குவார்கள்? பங்குச் சாமியார் லோசாக் ஜனங்களைப் பார்த்துப் புதுப் பீடம் போட்டு, நாம் மண்டியிட்டு நற்கருணை நன்மை வாங்கின கிராதியைப் பிடுங்கிய அன்றைக்கே பெரிய கோவிலை விட்டு நாற்பது பேரோடு நாம் வெளியே வந்தாயிற்று.

சந்தையில் மீன்காரி மதலேன் இன்றைக்கும் விடவில்லை. "என்ன கொரந்தீனக்கா, இந்த வாரப் பூசை எண்ணெயிலயா, தக்காளிச் சாறுலயா?" என்றாள். "எண்ணெயிலதாண்டி. அதான் கெட்டுப்போகாம இருக்கு" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவளே ஒரு கை மத்தி மீன் கூடப் போட்டுக் கொடுத்தாள்.

உன் பிள்ளை மாலோவிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பேராயரின் குருமடத்தில் வேலை அதிகமோ? அடுத்த கோடையில் அவனுக்குக் குருப்பட்டம் என்று நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தாயை இழந்து நாலு வயதில் என் அடுப்படிக்கு வந்த பிள்ளை. அவன் முதற்பூசையில் எந்தப் பாட்டு என்று பாடற்குழுப் பெண்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள். குழுத்தலைவி நான்தான் என்பதை மறந்துவிட்டார்கள்.

தேவமாதாவின் கையில் உன்னை ஒப்படைக்கும்
உன் அக்கா
கொரந்தீன்


வெர்சாய்
1988 ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உப்பைக் குறைத்துவிட்டேன். இங்கே நல்ல வெயில். என் ஜன்னல் செடிகள் எல்லாம் வாடிவிட்டன. முழங்காலுக்குச் சூடான உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

அக்கா, இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். மாலோ குருமடத்தை விட்டு வெளியே வந்துவிட்டான். அபிஷேகம் நடந்த மறுநாளே. அவனோடு இன்னும் சிலரும். குருத்துவத்தை விடவில்லை, பழைய பூசையையும் விடவில்லை. பாப்பரசரோடு முறித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்கிறான். இப்படி வந்தவர்களுக்காக ரோமாபுரியின் அனுமதியோடு ஜெர்மனியில் ஒரு சபை தொடங்கப் போகிறதாம். அங்கே போகிறான்.

"ஏண்டா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா பட்டம் கைக்கு வந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"அப்பா, பூசையில அப்பத்தைக் கையில எடுக்கறதுக்கு முந்தி பாப்பரசர் பேரைச் சொல்லி வேண்டிக்கிறோம். பேரைச் சொல்லிக்கிட்டே அவர் சொல்லை மீறி வாங்குன பட்டத்தோட நான் எப்படிப் பீடத்துல நிக்கிறது?" என்றான்.

போன ஞாயிறு நானும் நம்மவர்கள் கோவிலுக்குப் போகவில்லை. இங்கே மேற்றிராணியார் அனுமதி கொடுத்த பழைய பூசை ஒன்று நடக்கிறது. அதற்குத்தான் போனேன். அதே லத்தீன், அதே பூசை, அக்கா.

கோபப்படுவாய் என்று தெரியும். கோபத்தோடாவது பதில் எழுது.

உன் நலத்துக்காக வேண்டிக்கொள்ளும்
தம்பி எர்வே


சேசு மரி சூசை

போர்சாவெல்
1988 ஜூலை 24

எர்வேக்கு,

சுகம். மழை.

நம்மைக் கிடங்குக்குத் துரத்தினவர்கள் வாசலைத் திறந்து "உள்ளே வா, உனக்கும் ஒரு மூலை தருகிறோம்" என்றதும் ஓடிவிட்டீர்கள் இரண்டு பேரும். நாளைக்கு அந்த மூலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். அப்போது எந்தப் பாப்பரசர் பேரைச் சொல்வான் உன் மகன்?

எனக்கு மருமகன் இல்லை. இனி அவன் பேரை எனக்கு எழுதாதே.

கொரந்தீன்


வெர்சாய்
1988 நவம்பர் 1, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் (புனிதர்கள்) திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஆகஸ்டிலிருந்து இது நான்காவது கடிதம். தபால்காரர் மேல் பழி போட்டுக் காலத்தை ஓட்டுகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

பேரை எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் ஒரு பழைய மடத்தை இரவல் வாங்கிக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். வெந்நீர்க் குழாய் வேலை செய்யவில்லை, இரண்டு பேருக்கு ஒரு மேஜை. இந்தப் பக்கம் நம் பழைய நண்பர்கள் துரோகி என்று கடிதம் எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் மேற்றிராணிமார் பலர், "ஓடிவந்த பையன்கள் எத்தனை நாளைக்கு?" என்று பார்க்கிறார்கள். மாலோ மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் சிரித்துக்கொண்டே எழுதுகிறான். கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: "அத்தை எழுதினாங்களா?"

அடுத்த ஜூனில் பட்டம். முதற்பூசையைப் போர்சாவெலில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். கிடங்கில் விடமாட்டீர்கள், எனக்குத் தெரியும். பெரிய கோவிலைக் கேட்டு மேற்றிராணியாருக்கு எழுதினேன். பங்குச் சாமியார் சம்மதித்தால் தனக்குத் தடையில்லை என்று பதில் வந்தது. லோசாக் சாமியாருக்கு செப்டம்பரில் எழுதினேன். பதிலே இல்லை. பதினாறு வருஷமாக அவரைப் பற்றி நாம் பேசினதை நினைத்தால் அவர்மேல் குறை சொல்லவும் முடியவில்லை.

பட்டம் கிடைத்தும் சொந்த ஊரில் பூசை வைக்க இடமில்லாத சாமியாராகத்தான் நிற்பான் போலிருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
எர்வே


சேசு மரி சூசை

போர்சாவெல்
1988 டிசம்பர் 8

அன்புள்ள எர்வேக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. தபால்காரர் நல்லவர்.

இந்த வருஷம் மத்தி மீன் குறைவு. கிடங்கின் கூரையில் ஓட்டை விழுந்து, போன ஞாயிறு காப்டன் குடை பிடித்துக்கொண்டு நன்மை வாங்கினார். பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று. முழங்கால் அப்படியேதான். கல்லறைப் பக்கம் போயிருந்தேன். நம் அப்பா அம்மா கல்லைக் கழுவி வைத்தேன். லோசாக் சாமியாரின் தாயார் கல்லறை அடுத்த வரிசையில்தான் இருக்கிறது. என்னோடு டப்பாத் தொழிற்சாலையில் வேலை செய்த அன்னா. அங்கேயும் கொஞ்சம் களை எடுத்தேன்.

இதோடு ஒரு கம்பளித் தொப்பி அனுப்புகிறேன். ஜெர்மனியில் குளிர் அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குளிர்காலத்தில் காது வலிக்கும். தொப்பி அனுப்பினதால் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே. காதுக்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லை.

தேவமாதா உன்னைக் காக்க,
கொரந்தீன்


வெர்சாய்
1989 ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டில் உனக்கும் பூனைக்குட்டிகளுக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

தொப்பியைப் போட்டுக்கொண்டு படிக்கிறான், போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான், போட்டுக்கொண்டே தூங்குகிறானாம். மேலதிபர் பார்த்துவிட்டு, "கோவிலுக்குள்ளயாவது கழட்டி வையுங்க, பிரதர்" என்றாராம்.

இப்போது பெரிய செய்தி. உட்கார்ந்து படி. லோசாக் சாமியாரிடமிருந்து கடிதம் வந்தது! பெரிய கோவிலைத் தருகிறார். பழைய பீடத்தில், பழைய முறைப்படி, ஜூலை 9 ஞாயிறு பத்து மணிக்கு. நாலு மாதம் வாயைத் திறக்காதவர் ஒரே பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதிவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை. யார் போய் என்ன சொன்னார்களோ, எந்தப் புனிதர் இறங்கி வந்தாரோ!

ஒன்று மட்டும் எழுதியிருக்கிறார். லத்தீன் பாட்டு தெரிந்தவர்கள் தன் பங்கில் யாரும் இல்லையாம். பாடுகிறவர்களை நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அக்கா, இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த பாடற்குழு ஒன்றுதான். கேட்டுவிட்டேன். நீ இல்லை என்றாலும் கோபப்பட மாட்டேன்.

அன்போடு,
எர்வே


சேசு மரி சூசை

போர்சாவெல்
1989 பிப்ரவரி 12

அன்புள்ள எர்வேக்கு,

சளி முற்றிலும் போய்விட்டதா? தேன் குடி. எனக்கு சுகம்.

லோசாக் சாமியார் மனம் மாறினது நல்ல விஷயம். வயதாகிறது, மாறுவார்கள்.

உன் மகனின் முதற்பூசைச் செய்தி கிடங்குக்கும் வந்துவிட்டது. இன்றைக்குப் பூசை முடிந்ததும் காப்டன் எழுந்து நின்றார். அவர் பேசினால் இன்னும் கப்பல் தளத்தில் நிற்கிற மாதிரிதான்.

"ஜூலை ஒன்பதாம் தேதி பெரிய கோவில்ல என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். பூசை நம்ம பூசைதான். ஆனா அது சமரசப் பூசை. நம்ம பேராயரை நீக்குனவங்க போட்ட பிச்சை. அங்க காலை வைக்கிறவங்க இங்க திரும்பி வர வேண்டாம். பாடறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே. மழை பெய்தது, வீட்டுக்கு வந்தேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் இல்லை.

தேவமாதா காவலில்,
கொரந்தீன்


பங்கு இல்லம், போர்சாவெல்
1989 மார்ச் 14

மதிப்புக்குரிய திரு. எர்வே அவர்களுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நலம், நலமறிய ஆவல். என்னிடமிருந்து இரண்டாவது கடிதம் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோவில் தந்தது தந்ததுதான்.

உங்கள் சகோதரியைப் பற்றி எழுதுகிறேன். "எர்வேக்குத் தெரிய வேண்டாம்" என்று போகிற போக்கில் என்னிடம் சொன்னார். நான் சரி என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை என் சமையலறைக் கதவைத் தட்டினார். பதினாறு ஆண்டுகளாகத் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவர். உட்காரச் சொன்னேன்.

"உட்கார வரலை. உங்கம்மா அடக்கத்துக்கு நான் வரலை, சாமி. இருபத்திரெண்டு வருஷம் அவங்க பக்கத்துல நின்னு மீன் தலை கிள்ளினவ. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப என் பங்கையும் சேர்த்துக் கிள்ளினவங்க அவங்க. சவப்பெட்டி போறதைக் கிடங்கு வாசல்ல நின்னு பாத்தேன். உங்க பூசைக்குள்ள காலை வைக்கக் கூடாதுன்னு நின்னேன். அப்ப விசுவாசம்னு நினைச்சேன். வெறும் வீம்பு. மன்னிச்சிருங்க."

அவரே தொடர்ந்தார். "உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கணும். இப்ப கேட்டா அதுக்காகத்தான் மன்னிப்பு கேட்டேன்னு ஆயிரும். நாளைக்கு வர்றேன்." போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து, "என் மருமகனுக்குக் கோவிலைக் குடுங்க" என்றார்.

செப்டம்பரில் வந்த உங்கள் கடிதம் என் மேஜை அறையில்தான் இருந்தது. கோபத்தில் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிராதியைப் பிடுங்கியபோது எனக்கு முப்பத்தேழு வயது. வழிபாட்டை மாற்ற வத்திக்கான் சங்கம் சொன்னதைச் செய்கிறோம் என்ற வேகம். சங்கம் கிராதியைப் பிடுங்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் மண்டியிட்டுத் தேய்ந்த கல் அது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புது முறைத் திருப்பலியை நான் இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன், எனக்கு அது உயிர். அவருக்கு அவருடையது உயிர் என்பது என் சமையலறையில்தான் புரிந்தது.

இப்போது நான் எழுதக் காரணம் இது. பிப்ரவரியில் காப்டன் தடை போட்டபோது அவர் எழுந்து, "நான் வளத்த பிள்ளை எந்தப் பீடத்துல நிக்கிறானோ அங்க நான் மண்டியிடுவேன். அதுக்கு உங்க உத்தரவு தேவையில்ல, காப்டன்" என்றிருக்கிறார். அன்றே பாடற்குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கிடங்குக்குப் போவதில்லை. என் திருப்பலிக்கும் வருவதில்லை. ஞாயிறு காலையில் தன் ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து செபமாலை சொல்கிறார். வாழ்நாளில் ஒரு ஞாயிறு தவறாதவருக்கு இந்தத் தவக்காலத்தில் பூசை இல்லை. அவர் என்ன விலை கொடுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துவில் உங்கள்
லோசாக்


வெர்சாய்
1989 மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? எனக்கு சுகம், உப்பில்லாத சூப்பு பழகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பாஸ்கா, உயிர்ப்புத் திருநாள். எனக்கு மூன்று நாள் விடுப்பு இருக்கிறது. இதோடு ரயில் பயணச் சீட்டு வைத்திருக்கிறேன். ரயில்காரன் வீட்டாருக்கு அது சும்மாதான் கிடைக்கிறது, மறுக்காதே. இங்கே வந்துவிடு. இந்தப் பூசைக்குத்தான் வர வேண்டும் என்று சொல்ல மாட்டேன், எதுவும் கேட்கவும் மாட்டேன். ஆட்டிறைச்சி வைத்து, தம்பியும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஜூன் 24-ஆம் தேதி பட்டம் என்று முடிவாகிவிட்டது.

உன்னைப் பெருமையாக நினைக்கிற தம்பி,
எர்வே


சேசு மரி சூசை

போர்சாவெல்
1989 மே 21

என் அன்புத் தம்பி எர்வேக்கு,

பாஸ்காவுக்கு உன் வீட்டில் சாப்பிட்ட ஆட்டிறைச்சி ஒரு மாதத்துக்குத் தாங்கியது. உன் ஊர்ப் பூசையில் நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லவில்லை அல்லவா? சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஆறு வாரம் பூசையில்லாமல் இருந்தவளுக்குப் புகை கொஞ்சம் அதிகமாகத்தான் படும்.

பாடுகிறேன். போன மாதம் முடிவு செய்தேன், தனியாகப் பாடவும் தயாராகத்தான் இருந்தேன். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடங்குப் பாடற்குழு ஜான் (தையற்காரி, உனக்குத் தெரியும்) பின்வாசல் வழியாக வந்தாள். "சும்மாதான் வந்தேன், முட்டை இருக்கா?" என்றாள். முட்டையைக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். "க்ளோரியாப் பாட்டுல அந்த ரெண்டாவது ஏற்றம் எனக்கு எப்பவும் சறுக்கும். ஒரு தடவை சொல்லிக் குடுங்களேன்." அடுத்த செவ்வாய் இவோன் சர்க்கரை கேட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் அக்காதங்கை மூன்று பேர் ஒன்றாக உப்பு கேட்டு வந்தார்கள். இப்போது என் சமையலறையில் பதினோரு பேர். இந்த ஊரில் இத்தனை வீட்டில் உப்பு இல்லை என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது!

இன்னொன்று கேள். நேற்று முன்வாசலில் தட்டுச் சத்தம். திறந்தால் லோசாக் சாமியார் கோவிலில் கித்தார் வாசிக்கிற மரீஸ்.

"அக்கா, எனக்கு லத்தீன் தெரியாது. ஆனா சுருதி பிசகாது. சேத்துக்குவீங்களா?"

"கித்தாரைக் கொண்டுவந்தியா?"

"இல்லக்கா."

"அப்ப உள்ள வா."

நல்ல குரல், எர்வே. சொல்லவே மனம் வரவில்லை, எங்கள் பதினோரு பேரில் யாருக்கும் அந்தக் குரல் இல்லை.

காப்டன் தெருவில் எனக்குத் தொப்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். அது வலிக்கிறது.

தேவமாதாவின் நிழலில் நீ சுகமாக இரு,
கொரந்தீன்


வெர்சாய்
1989 ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. உயிருக்கு ஒன்றுமில்லை. பட்டத்துக்குப் போய்த் திரும்பி மூன்றாம் நாள், எஞ்சினிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். ஆறு வாரம் படுக்கை. மருத்துவமனையிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி இதை எனக்காக எழுதுகிறார்.

முதற்பூசைக்கு நான் வர முடியாது. தள்ளி வைக்கலாமா என்று மாலோ கேட்டான். கூடாது என்றேன். ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிற காரியத்தை என் ஒரு எலும்புக்காக நிறுத்துவதா?

முதல் வரிசையில் என் இடத்தில் நீ உட்கார். பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுது.

எர்வே


சேசு மரி சூசை

போர்சாவெல்
1989 ஜூலை 10, திங்கள்

என் அருமைத் தம்பி எர்வே,

வலி குறைந்ததா? மருந்தைத் துப்பாதே, கன்னியாஸ்திரியைப் படுத்தாதே. நான் சுகம். சுகம் என்றால் எப்படிச் சொல்வது, இன்றைக்குக் காலையிலிருந்து தரையில் நடக்கிற மாதிரியே இல்லை. ஒன்று விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கேள்.

பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கென்று மேயர் சதுக்கம் முழுவதும் மூவர்ணத் தோரணம் கட்டிவைத்திருந்தார். முதற்பூசைக்குக் கழற்றச் சொல்லலாமா என்று இவோன் கேட்டாள். "இருக்கட்டும், நமக்காகக் கட்டினதுன்னு நினைச்சுக்குவோம்" என்றேன். அதில் தலை போன ராஜாவுக்காக இன்னும் அழுகிற காப்டன் அதைப் பார்த்து என்ன பாடு பட்டிருப்பாரோ!

சனிக்கிழமையே லோசாக் சாமியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பழைய பீடத்தில் அடுக்கியிருந்த ஒலிபெருக்கிகளையும் பூச்சாடிகளையும் இறக்கினார். நான் போய்ப் பளிங்கைத் துடைத்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வேலை செய்தோம். முடிந்ததும், "இவ்வளவு நல்ல பீடம்னு மறந்தே போச்சு" என்றார். "எனக்கு மறக்கலை" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்குக் கோவில் நிறைந்து, சுவரோரம் நின்றார்கள். லோசாக் சாமியாரின் ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மீன்காரி மதலேன் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தாள்! நாங்கள் பாடற்குழு மாடத்தில் பன்னிரண்டு பேர். மன்னித்துக்கொள், முதல் வரிசையில் உன் இடத்தில் நான் உட்காரவில்லை, முன்பு நீ இங்கே மறந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை அங்கே வைத்துவிட்டு மேலே போனேன். பாடுகிறவள் கீழே உட்கார முடியாது.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடப்படியில் காலடிச் சத்தம். கிடங்கிலிருந்து மிச்சம் எட்டுப் பெண்களும் ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் காப்டனின் மனைவி! "அவர் திரும்பி வர வேண்டாம்னாரு. சரி, வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள் மூச்சிரைக்க. பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் திணித்தேன்.

மாலோ வந்தான். மெலிந்திருக்கிறான். பீடத்தின் அடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டு லத்தீனில் தொடங்கினான். விசுவாசப் பிரமாணமான க்ரேதோ வந்தது. நாங்கள் தொடங்கினோம். இரண்டாவது வரியில் கீழேயிருந்து ஒரு முழக்கம். எட்டிப் பார்த்தால், பதினேழு வருஷமாக லத்தீன் கேட்காத கிழட்டு மீனவர்கள் புத்தகம் இல்லாமல் பாடுகிறார்கள்! அவர்கள் வாயிலிருந்து அது போகவே இல்லை, எர்வே. அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள், வாய்க்கு வந்த இடத்தில் சேர்ந்துகொண்டு. மாடத்தின் பலகை அதிர்ந்தது. லோசாக் சாமியார் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பாடினார். மரீஸ் என் காதில், "அக்கா, நீங்க அழுதா நாங்க யாரைப் பாத்துப் பாடறது?" என்றாள். கையைத் தாழ்த்தாமலே அழுதேன்.

நன்மை வாங்க நேரம் வந்ததும் கிராதி இல்லையே என்று எல்லோரும் தயங்கினார்கள். லோசாக் சாமியார் தானே போய்ப் பீடத்தின் படியில் முதலாவதாக மண்டியிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் அவர் பக்கத்தில் வரிசையாக.

முதற்பூசை முடிந்ததும் முதல் ஆசீர் தகப்பனுக்கு என்பது வழக்கம். மாலோ நின்றுகொண்டு மாடத்தைப் பார்த்தான். நான் இறங்கிப் போனேன். மண்டியிட்டேன். என் தலையில் இரண்டு கையையும் வைத்து லத்தீனில் சொன்னான், முடித்து, "அத்தை, தொப்பிக்கு நன்றி" என்றான் மெதுவாக. அவ்வளவுதான். மருமகன் இல்லை என்று நான் எழுதின போன வருஷத்துக் கடிதத்தைப் பற்றி அவன் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவன் உள்ளங்கையை முத்தமிட்டேன். பட்டத்தன்று அந்தக் கையில் பூசின எண்ணெய் இன்னும் மணக்கிற மாதிரி இருந்தது.

காப்டன் உள்ளே வரவில்லை. பூசை முழுவதும் பதக்கங்களோடு கடற்படைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே படிக்கட்டின் கீழ் நின்றாராம். மாலோவுக்கு யாரோ சொன்னார்கள். பூசை உடுப்போடு நேரே வெளியே நடந்தான், ஜனம் முழுக்கப் பின்னால்.

"நான் உள்ள வரலை, சாமி" என்றார் காப்டன்.

"தெரியும், காப்டன். அதான் நான் வெளிய வந்தேன்."

காப்டன் கோட்டை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மூவர்ணத் தோரணத்துக்குக் கீழே, ஈரக்கல்லில், மண்டியிட்டார். மாலோ அவர் தலையில் கை வைத்தபோது சதுக்கத்தில் கடற்பறவை ஒன்றுதான் சத்தம் போட்டது. எழுந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அவர் கிடங்குக்குத்தான் போவார், இருபது பேராவது அவரோடு போவார்கள். ஆனால் போகும்போது என்னைக் கடந்தார். தொப்பியைத் தூக்கினார்.

பிறகு பள்ளிக்கூட முற்றத்தில் விருந்து. கலெத் ரொட்டி, ஆப்பிள் சைடர், வெண்ணெய்க் கேக். இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து உட்கார்ந்தார்கள், அல்லது உட்கார இடமில்லாமல் கலந்தார்கள். லோசாக் சாமியார் கண்ணாடிக் குவளையைத் தட்டி, மாதத்தின் முதல் ஞாயிறு எட்டு மணிக்கு இதே பீடத்தில் பழைய பூசை வைக்க மேற்றிராணியார் அனுமதி தந்துவிட்டார் என்று அறிவித்தார். யார் வைப்பது என்று எல்லோரும் கேட்க, "நான்தான். இருபது வருஷத் துரு ஏறியிருக்கு. தப்பு விட்டா கொரந்தீன் மாடத்துலருந்து திட்டுவாங்க" என்றார். முற்றமே கை தட்டியது. நான் எழுந்து, "திட்டுவேன்" என்றேன்.

மாலோ வெள்ளிக்கிழமை உன்னிடம் வருகிறான். நான் வியாழக்கிழமைக் காலை ரயிலிலேயே ஏறுகிறேன். அவன் வருவதற்கு முன்னால் உன்னிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். போன ஜூலையில் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட நாளிலிருந்து அதை எழுதத்தான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன், பூனையையும் மழையையும் எழுதிவிட்டு எழுந்தேன். எழுத்தில் எனக்கு வரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நீண்டதல்ல, ஒரே வாக்கியம்தான்.

அதற்கிடையில் என்னைப் பற்றி யாராவது உனக்கு ஏதாவது எழுதியிருந்தால் (நேற்று விருந்தில் லோசாக் சாமியார் என் கண்ணைப் பார்க்காமல் கேக்கைப் பார்த்த விதத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது) தெரியாதது போலவே இரு. நானே சொல்ல வேண்டும்.

நம் எல்லோரையும் ஒரே பீடத்தின் முன்னால் நிறுத்தினவருக்கு ஸ்தோத்திரம்.

வியாழக்கிழமை வரை,
உன் அக்கா
கொரந்தீன்